டெரியர் டேங்க் என்ஜின்: ஏ1 எது, ஏ1எக்ஸ் எது, மஞ்சள் எதுக்குப் பொருந்தும்?

#1 மஞ்சள்வண்டி

லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயோட டெரியர் என்ஜின் (தண்ணியைத் தன் மேலேயே தொட்டியில சுமக்கிற சின்ன டேங்க் என்ஜின்), 1:76 மாடல், 55ஆம் நம்பர் ஸ்டெப்னி. இதை வடிவமைச்ச ஸ்ட்ரவுட்லி காலத்து மஞ்சள் நிறம் அடிக்கணும். ஆனா 1870கள், 80கள் படத்துல இருக்கிற டெரியரும் பழைய வண்டிகளைப் பாதுகாத்து ஓட்டுற ப்ளூபெல் ரயில்வேல நிக்கிற ஸ்டெப்னியும் முன்பக்கத்துல ஒண்ணா இல்ல. பாய்லர் முன்னாடி, புகைபோக்கிக்குக் கீழ இருக்கிற புகைப்பெட்டியோட நீளம் வேற. முன் சக்கரத்துக்கு மேல இருந்த பெட்டியையும் காணோம். கடையில கிடைக்கிற மாடல்லயும் ரெண்டு வடிவமும் வருது. எதை வாங்கி எந்த நிறம் அடிச்சா சரியா இருக்கும்?

#2 புகைப்பெட்டி

நீங்கள் கவனித்த வித்தியாசம் உண்மையானதுதான். வண்டி ஒன்றே, காலம்தான் இரண்டு.

வில்லியம் ஸ்ட்ரவுட்லி வடிவமைத்து, பிரைட்டன் பட்டறையில் 1872 முதல் 1880 வரை 50 வண்டிகள் கட்டினார்கள். எண்கள் 35 முதல் 84 வரை. ஆறு சக்கரமும் இணைந்தவை, சிலிண்டர்கள் சட்டத்துக்கு உள்ளே. இதுதான் ஏ1. இதற்கு முன்பே 1869இல், ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் ரயில்வேயில் இருந்தபோது, ஏறத்தாழ இதே அமைப்பில் ஒரு சிறிய டேங்க் என்ஜினை அவர் செய்து பார்த்திருந்தார். 1911 முதல், அப்போது அந்த ரயில்வேயின் என்ஜின் தலைமைப் பொறியாளராக இருந்த டி. இ. மார்ஷ் வடிவமைத்த புதிய பாய்லரைப் பல டெரியர்களுக்குப் பொருத்தினார்கள். அவை ஏ1எக்ஸ். சட்டம், சக்கரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பழையவையே.

படத்தில் அடையாளம் காண மூன்று இடங்களைப் பாருங்கள். ஏ1-இன் புகைப்பெட்டி குட்டை. அதன் முன் தகடு இரு பக்கமும் வளைந்து சட்டத்தோடு இறங்கி நிற்கும். ஏ1எக்ஸ்-இல் அது உருண்டையாக முன்னே நீண்டு, வார்ப்புச் சேணத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அடுத்தது மணல் பெட்டி. ஏ1-இல் முன் சக்கர மூடியோடு ஒட்டி, ரன்னிங் பிளேட் என்ற பக்கத் தகட்டுக்கு மேலே இருக்கும். நீங்கள் காணோம் என்று சொன்ன பெட்டி அதுதான். ஏ1எக்ஸ்-இல் அதைக் கீழே தள்ளிவிட்டார்கள். மூன்றாவது, புகைப்பெட்டியிலிருந்து பக்கத் தொட்டிக்குப் போகும் தடித்த குழாய். அது இருந்தால் பழைய வடிவம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

நிறத்துக்கு வருவோம். ஸ்ட்ரவுட்லியின் நிறத்துக்குப் பெயர் 'மேம்படுத்திய என்ஜின் பச்சை'. பார்த்தால் கடுகு மஞ்சள். 1905இல் மார்ஷ் வந்த பிறகு பயணி என்ஜின்கள் அடர் பழுப்புக்கு மாறத் தொடங்கின. ஏ1எக்ஸ் வந்தது 1911இல். ஆகவே மஞ்சள் நிறத்து ஏ1எக்ஸ் அந்த ரயில்வே நிறுவனத்தின் சேவையில் ஓடியதே இல்லை. மஞ்சள் வேண்டுமென்றால் ஏ1 மாடலை வாங்குங்கள்.

#3 அச்சாணி

புகைப்பெட்டி சார் சொன்ன தேதிகள் எல்லாம் சரி. முடிவை மட்டும் அப்படியே ஏத்துக்க முடியாது. 1960 மே மாசம் ஸ்டெப்னி ப்ளூபெல்லுக்கு வந்தது, ஆகஸ்ட் 7இல் லைன் திறந்தது. அதுக்கப்புறம் பல வருஷம் ஏ1எக்ஸ் உடம்போடயும் மஞ்சள் நிறத்தோடயும்தான் அது ஓடியிருக்கு. அதுவும் நடந்த வரலாறுதானே? முதல்ல எந்த வருஷக் காட்சின்னு முடிவு பண்ணுங்க. 1880 லண்டன்னா ஏ1. 1965ல ப்ளூபெல் லைனோட ஷெஃபீல்ட் பார்க் ஸ்டேஷன்னா ஏ1எக்ஸ் மஞ்சள்ல எந்தத் தப்பும் இல்ல. ஆனா பக்கத்துல நிக்கிற பெட்டி, பிளாட்பாரம், ஆட்களோட உடை எல்லாமே அந்த வருஷத்துக்கு வரணும்.

#4 புகைப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன். 'ரயில்வே நிறுவனத்தின் சேவையில்' என்ற சொல்லை அதற்காகத்தான் போட்டேன். இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

#5 மஞ்சள்வண்டி

1880 லண்டன் புறநகர்ன்னு வச்சுக்கிறேன். அப்ப ஸ்டெப்னியை விட்டுட்டு வேற நம்பர் எடுக்கலாமா? அந்தக் காலத்துக்கு பிரேக் குழாய், காத்துப் பம்ப் எல்லாம் வேணுமா?

#6 புகைப்பெட்டி

82 பாக்ஸ்ஹில் எடுங்கள். 1880இல் கட்டியது, கடைசித் தொகுதியைச் சேர்ந்தது, ஏ1எக்ஸ் ஆக்கப்படவே இல்லை. பின்னாளில் பிரைட்டன் பட்டறைக்குள் 380எஸ் என்ற எண்ணோடு வண்டிகளை நகர்த்தும் வேலை பார்த்தது. இப்போது யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில், ஸ்ட்ரவுட்லி நிறத்திலேயே நிற்கிறது. அளவெடுத்துச் சரிபார்க்க முழு வண்டியே இருக்கும்போது படத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஏ1எக்ஸ் பாய்லர் பார்க்காத இன்னொன்று 54 வாடன். அது 1904இல் சவுத் ஈஸ்டர்ன் அண்ட் சாத்தம் ரயில்வேக்கு விற்கப்பட்டு, அங்கே வேறு பாய்லர் பெற்றது. இப்போது கனடாவில் கியூபெக் பக்கம் இருக்கிறது. உங்கள் வேலைக்கு அது உதவாது.

முதல் வண்டிகளில் கைபிரேக்கும் மரக்கட்டை பிரேக் பிளாக்கும்தான். வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக் 1870களின் பின்பகுதியில் வந்தது. 1872 முதல் 1875 வரையிலான காட்சிக்குக் காற்றுப் பம்ப் வைத்தால் தவறு, 1880 பாக்ஸ்ஹில்லுக்கு வைத்தால் பொருந்தும். 40ஆம் எண் பிரைட்டன் 1878 பாரிஸ் கண்காட்சிக்குப் போய்த் தங்கப் பதக்கம் பெற்றது. அதன் படங்களும் அந்தக் காலத் தோற்றத்துக்கு நல்ல ஆதாரம்.

கேபின் கூரை வெள்ளை. சட்டத்தின் வெளிப்பக்கம் அடர் சிவப்பு. மஞ்சளைச் சுற்றி ஆலிவ் பச்சைக் கரை. புகைபோக்கி உச்சியில் செம்புத் தொப்பி.

#7 யாழ்_ரயில்

மாடல் பக்கத்தால கொஞ்சம் சொல்லுறன், தம்பி. உண்மையான சக்கரம் 4 அடி விட்டம், முன் அச்சிலயிருந்து பின் அச்சுக்கு 12 அடி. அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில சக்கரம் 16 மி.மீ., அச்சுத் தூரம் 48 மி.மீ. இவ்வளவு குட்டி அடிப்பாகத்தில பிழைக்கிற இடங்கள் இரண்டு.

ஒண்டு, மின்சாரம் எடுக்கிறது. நாலு சக்கரத்தில மட்டும் எடுத்தால் தடம் பிரியிற பொயின்டின்ர பிளாஸ்டிக் பகுதியில நிண்டு போகும். ஆறு சக்கரத்திலயும் தொடுகம்பி வைக்கவேணும். பொஸ்பர் பிரொன்ஸ் கம்பி 0.3 மி.மீ. காணும். சக்கரத்தின்ர பின்பக்கத்தை மெல்லமாத் தொட்டாச் சரி. இறுக்கி வைச்சால் சக்கரம் உருளாமல் இழுபடும்.

மற்றது பாரம். பக்கத் தொட்டி இரண்டுக்குள்ளயும் ஈயத் தகடு நிரப்பும். நடு அச்சுக்கு மேல விரலை வைச்சுத் தூக்கினால் வண்டி மட்டமா நிக்கவேணும். மோட்டர் கேபினுக்குள்ள இருக்கிற மாடல் எண்டால் பின்பக்கம் பாரமாகி முன் சக்கரம் சும்மா தொங்கும், வளைவில தடம்புரளும். அப்பிடியெண்டால் புகைப்பெட்டிக்குள்ளயும் கொஞ்சம் ஈயம் போடும்.

மஞ்சளுக்குக் கீழ கறுப்பு பிரைமர் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். வெள்ளை பிரைமர்தான். மஞ்சளுக்கு மூடுற சக்தி குறைவு. மெல்லிசா மூண்டு பூச்சு, ஒவ்வொண்டும் காய்ஞ்ச பிறகு அடுத்தது. தடிப்பா ஒரே பூச்சு அடிச்சால் ஆணித்தலை எல்லாம் மூடுப்பட்டுப் போகும். கரைப் பச்சையை முதல் அடிச்சுப்போட்டுப் பிறகு மஞ்சளைக் கொண்டுவந்தால் விளிம்பில பச்சை தெரியும். மஞ்சள் முதல், பச்சை பிறகு, கோடு கடைசி.

#8 மஞ்சள்வண்டி

ரொம்ப நன்றி அண்ணே. அந்தத் தடித்த குழாய் எதுக்குன்னு புரிஞ்சா சரியா வைக்கலாம். புகைப்பெட்டிலேர்ந்து தண்ணித் தொட்டிக்கு என்ன போகுது?

#9 நெருப்புத்தட்டு

வேலை முடிச்ச நீராவி போகுது. சாதாரணமா சிலிண்டர்லேர்ந்து வர்ற நீராவி புகைபோக்கி வழியா மேல போயிடும். டெரியர் ஓடின பாதைல தேம்ஸ் நதிக்கு அடியில, புரூனெல் குடும்பம் தோண்டின சுரங்கம் இருந்துச்சு. கிழக்கு லண்டன் லைன் அது. 1843இல் நடைபாதையாத் திறந்தாங்க, 1869இல் ரயில் ஓட ஆரம்பிச்சது. வாப்பிங், ஷாட்வெல், பாப்லார், டெப்ட்ஃபோர்டுன்னு முதல் வண்டிகளுக்குப் பேர் வச்சதே அந்தப் பக்கத்து ஊர்களை வச்சுத்தான். சுரங்கத்துல நீராவியைக் கக்கினா ஒண்ணும் தெரியாது, மூச்சும் முட்டும். அதனால ஒரு பகுதியைத் தொட்டித் தண்ணிக்குள்ள விட்டுக் குளிர வச்சாங்க. கூடவே தண்ணி சூடாகுது. சூடான தண்ணி பாய்லருக்குப் போனா கரி மிச்சம். ஸ்ட்ரவுட்லிக்கு இந்தச் சிக்கனம் ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இதுல மூணு தொல்லை உண்டு.

முதல்ல, நெருப்பு மந்தமாகும். புகைபோக்கி வழியாப் பாயுற நீராவிதான் நெருப்புக்குக் காத்தை இழுக்குது. அதைத் தொட்டிக்குத் திருப்பினா இழுப்பு குறையும். அதனால சுரங்கத்துக்கு முன்னாடியே நெருப்பு நல்லா வெளுத்து எரியணும், பாய்லர்ல தண்ணி போதுமான உயரத்துல நிக்கணும். சுரங்கத்துக்குள்ள போய்ப் புதுக் கரி போட்டா புகை மட்டும்தான் வரும்.

ரெண்டாவது, நீராவி வேகத்தால தண்ணியை பாய்லருக்குள்ள தள்ளுற இன்ஜெக்டர். இன்ஜெக்டர் வேலை செய்யணும்னா அதுக்குள்ள போற நீராவி குளிர்ந்த தண்ணியில பட்டு உடனே ஒடுங்கணும். தண்ணி கை வைக்க முடியாத சூட்டுக்கு வந்துட்டா நீராவி முழுசா ஒடுங்காது, வழியும் குழாய் வழியா வெளிய கொட்டிடும். அதனால ஸ்ட்ரவுட்லி இன்ஜெக்டரை நம்பாம, பிஸ்டன் தண்டோட சேர்ந்து ஓடுற கிராஸ்ஹெட்ல பம்ப் வச்சார். வண்டி ஓடினாத்தான் பம்ப் ஓடும். நிக்கிற வண்டில தண்ணி குறைஞ்சா என்ஜினைக் கழட்டி முன்னும் பின்னும் ஓட்டித்தான் ஏத்தணும்.

மூணாவது பலர் மறந்துடுறாங்க. சிலிண்டர்ல போடுற எண்ணெய் அந்த நீராவியோட தொட்டிக்கு வரும், அங்கேர்ந்து பாய்லருக்குப் போகும். பாய்லர் தண்ணி நுரை தட்டும், நுரை, நீராவியைத் திறந்து மூடுற ரெகுலேட்டர் வழியா சிலிண்டருக்கு ஏறும். நெருப்பு எரியுற பெட்டியான ஃபயர்பாக்ஸ் தகட்டுல எண்ணெய் படலம் ஒட்டினா சூடு தண்ணிக்குப் போகாது, அந்த இடம் மட்டும் அதிகமாக் காயும். பின்னாடி பல வண்டிகள்ல இந்த ஏற்பாட்டைக் கழட்டிட்டு இன்ஜெக்டர் போட்டதுக்குப் பராமரிப்புத் தலைவலியும் ஒரு காரணம்.

#10 மஞ்சள்வண்டி

பம்ப் ஓடுது, ஆனா தண்ணி ஏறலன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

#11 நெருப்புத்தட்டு

பம்ப் வெளியேத்துற குழாய்ல ஒரு சோதனைக் காக், அதாவது சின்னத் திருகுகுழாய், இருக்கும். திறந்தா ஒவ்வொரு தள்ளுக்கும் தண்ணி விட்டு விட்டுப் பீச்சணும். வெறும் ஆவி வந்தா, பாய்லர் மேல, தண்ணி திரும்பி வராம தடுக்கிற கிளாக் வால்வு சரியா மூடலைன்னு அர்த்தம். பாய்லர்லேர்ந்து கொதிநீர் பின்னால வந்து பம்ப்ல ஆவியா நிறைஞ்சிடும், பம்ப் அந்த ஆவியையே அமுக்கி அமுக்கி விடும். ஈரத்துணி சுத்திக் குழாயைக் குளிர வச்சு, காக் வழியா ஆவியை வெளிய விட்டா பெரும்பாலும் மறுபடி பிடிச்சுக்கும். அடிக்கடி நடந்தா வால்வைக் கழட்டி இருக்கையைத் தேய்ச்சுப் பொருத்தணும். வேற வழி கிடையாது.

இன்னொண்ணு. ரெகுலேட்டரை மூடுறதுக்கு முன்னாடி, புகைபோக்கில நீராவியைப் பீச்சி இழுப்பு கொடுக்கிற புளோயரைத் திறக்கணும். சுரங்கத்துல இதை மறந்தா நெருப்பு கதவு வழியா கேபினுக்குள்ள திரும்பும். எந்த நீராவி என்ஜினுக்கும் இது பொது விதி. டெரியர் கேபின்ல ஒதுங்கி நிக்க இடம் இல்லாததால இங்க இன்னும் முக்கியம்.

#12 அச்சாணி

எண்ணெய் விஷயத்துல கூடுதலா ஒண்ணு. நுரையோ தண்ணியோ சிலிண்டருக்கு வந்தா டெரியர் ஓரளவு தாங்கும். சிலிண்டருக்கு நீராவியை விடுற தட்டையான ஸ்லைடு வால்வு அழுத்தத்துல தன் முகத்தை விட்டு எழும்பித் தண்ணிக்கு வழி விடும். வேற என்ஜின்கள்ல வர்ற உருளை வடிவ பிஸ்டன் வால்வு அப்படி எழும்பாது, சிலிண்டர் மூடி உடையும். இருந்தாலும் சிலிண்டர்த் தண்ணியை வடிக்கிற டிரெயின் காக்கைத் திறக்காம கிளப்பக் கூடாது.

சிலிண்டர் அளவைப் பத்தியும் சொல்லிடறேன், மாடல் பெட்டியில ஒவ்வொண்ணும் ஒரு எண் போட்டிருக்கு. முதல்ல 13 அங்குல விட்டம், 20 அங்குல ஓட்டம், சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு அழுத்தம். பின்னாடி 12 அங்குலத்துலயும் 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலயும் இருந்துச்சு, அழுத்தம் 150. 12 அங்குலத்துக்கு இழுவை 7,650 பவுண்டு வரும். 14 அங்குலத்துக்குச் சுமார் 10,400. வண்டி எடை 28 டன் 5 ஹண்ட்ரட்வெயிட் (28.25 டன்), எல்லாமே இணைந்த சக்கரத்து மேல. எடையை இழுவையால வகுத்தா 12 அங்குலத்துக்கு 8க்கு மேல வருது, 14க்கு 6. ரெண்டுமே நல்ல பிடிப்பு. அதனால பெரிய சிலிண்டர்தான் நல்லதுன்னு என் கணக்கு.

#13 நெருப்புத்தட்டு

கிளம்புறதுக்கு நல்லது, தொடர்ந்து ஓட நல்லது இல்ல. 12லேர்ந்து 14க்குப் போனா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நீராவி 36 சதவீதம் கூட வேணும். பாய்லர் அதே பாய்லர். 4 அடி சக்கரம் ஒரு மைலுக்கு 420 சுத்து சுத்தும். 30 மைல் வேகத்துல நிமிஷத்துக்கு 210 சுத்து. அந்த வேகத்துல பெரிய சிலிண்டரை நீளமாத் திறந்து வச்சா அழுத்தம் கண் முன்னாடி இறங்கும். நீராவி உள்ள போற நேரத்தைக் கூட்டிக் குறைக்கிற ரிவர்சரைச் சீக்கிரம் பின்னுக்கு இழுத்து, நீராவியை விரிய விட்டு ஓட்டத் தெரிஞ்சா மட்டும் 14 அங்குலம் லாபம்.

தண்ணிக் கணக்கையும் பாருங்க. தொட்டி 500 காலன், அதாவது 5,000 பவுண்டு. ஒரு பவுண்டு கரிக்கு 7 பவுண்டு தண்ணி ஆவியாகுதுன்னு வச்சா, ஒரு தொட்டித் தண்ணிக்குச் சுமார் 700 பவுண்டு கரி போதும். ஆக இந்த வண்டி நிக்கிறது கரிக்காக இல்ல, தண்ணிக்காக. தொட்டி காலியானா எடையில 2 டன்னுக்கு மேல குறையும். பிடிப்பும் கிட்டத்தட்ட 8 சதவீதம் போயிடும். ஈரத் தண்டவாளத்துல கடைசி ரெண்டு மைல்ல சக்கரம் வழுக்குதுன்னா இதான் காரணம்.

#14 அச்சாணி

விரிய விட்டு ஓட்டுறதைப் பத்திச் சொன்னது சரி. தண்ணிக் கணக்கை நான் சேர்க்கல. குறுகிய ஓட்டத்துக்கு 14, நிறுத்தாம ஓடுறதுக்கு 12ன்னு திருத்திக்கிறேன்.

#15 யாழ்_ரயில்

இவ்வளவு சின்ன வண்டி, 1872இல கட்டினது, எப்பிடி 1963 மட்டும் ஓடினது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

#16 புகைப்பெட்டி

பாரம் குறைவு என்பதால்தான் பிழைத்தது. லண்டன் புறநகர் ரயில்கள் நீளமாகி, டெரியருக்கு அங்கே வேலை குறைந்தபோது பலவற்றை உடைத்தார்கள். மீதியை விற்றார்கள். 70 பாப்லார் 1901இல் கென்ட் அண்ட் ஈஸ்ட் சசெக்ஸ் பாதைக்குப் போய் 'போடியம்' ஆனது. 72 ஃபென்சர்ச் 1898இல் நியூஹேவன் துறைமுக நிறுவனத்துக்குப் போனது. ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் சில போயின. கனமான என்ஜின் ஏற முடியாத பாதைகள் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் டெரியர் தேவைப்பட்டது.

முக்கியமானது ஹேவன்ட் முதல் ஹேலிங் தீவு வரையிலான கிளைப்பாதை. லாங்ஸ்டன் நீரிணையைக் கடக்கும் மரப் பாலம் டெரியரைவிடக் கனமானதைத் தாங்காது. பாலத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்காததால் 1963 நவம்பரில் பாதையையே மூடினார்கள். அதுவரை டெரியருக்கு மாற்று இல்லை. ஃபென்சர்ச் 32636 என்ற எண்ணோடு, அப்போது பிரிட்டிஷ் ரயில்வேயில் ஓடிய என்ஜின்களிலேயே மூத்ததாக இருந்தது. 50இல் 10 இன்றும் இருக்கின்றன. அந்தப் பாலம் ஒருவேளை இரும்பாக இருந்திருந்தால் அவற்றில் பாதி மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

46 நியூவிங்டனின் பயணம் தனி. 1903இல் லைம் ரீஜிஸ் கிளைப்பாதைக்காக லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் வாங்கியது. பிறகு தீவில் ஃப்ரெஷ்வாட்டர் பாதை, பிறகு ஹேலிங். ஓய்வுக்குப் பின் ஹேலிங் தீவில் ஒரு மதுக்கூடத்துக்கு வெளியே காட்சிப் பொருளாக நின்றது. 1979இல் மறுபடி ஐல் ஆஃப் வைட் போய், இன்று 'ஃப்ரெஷ்வாட்டர்' என்ற பெயரில் இருக்கிறது.

#17 மஞ்சள்வண்டி

இவ்வளவு பழைய வண்டில இப்ப ஓட்டும்போது எது முதல்ல பழுதாகும்?

#18 அச்சாணி

ஃபயர்பாக்ஸும் தொட்டியும். உள் ஃபயர்பாக்ஸ் செம்பு, வெளிக்கூடு இரும்பு. சூடாகும்போது செம்பு அதிகமா விரியும். ரெண்டையும் பிணைக்கிற ஸ்டே கம்பிகள் வளைஞ்சு வளைஞ்சு ஒடியும். அவசரப்பட்டு நெருப்பு மூட்டினா இது சீக்கிரம் நடக்கும். சின்ன பாய்லர்தானேன்னு ரெண்டு மணி நேரத்துல அழுத்தம் ஏத்தக் கூடாது. முந்தின நாளே சின்ன நெருப்பு வச்சு இதமாக்கி, காலையில மெதுவா ஏத்தணும். மூட்டுறதுக்கு முன்னாடி, பாய்லர் தண்ணி மட்டம் காட்டுற கேஜ் கிளாஸ்ல தண்ணி தெரியுதா, அதோட காக் ரெண்டும் அடைப்பில்லாம ஊதுதா, தண்ணி குறைஞ்சா உருகி எச்சரிக்க ஃபயர்பாக்ஸ் உச்சியில இருக்கிற ஈயத் திருகு கசியுதான்னு பார்க்கணும்.

தொட்டித் தகடு கீழ் விளிம்புலயும் ஆணி வரிசையிலயும் உள்பக்கமிருந்து அரிக்கும். வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ள காகிதம் மாதிரி ஆகியிருக்கும். சுத்தியலால தட்டிப் பார்த்தா சத்தமே சொல்லிடும்.

அடுத்தது வளைந்த அச்சு. சிலிண்டர் உள்ளே இருக்கிறதால இணைப்புத் தண்டு அச்சோட வளைவுல பிடிக்கும். வளைவு மூலையில முடி மாதிரி விரிசல் வரும், கண்ணுக்குத் தெரியாது. மீயொலிச் சோதனை கட்டாயம். பாய்லரை வேலை அழுத்தத்தோட ஒன்றரை மடங்குக்குத் தண்ணி அழுத்தத்துல சோதிப்பாங்க. 150க்கு 225 பவுண்டு.

#19 மஞ்சள்வண்டி

பாக்ஸ்ஹில்னு முடிவு பண்ணிட்டேன். ஏ1 உடம்பு, வெள்ளை பிரைமர், மஞ்சள், பச்சைக் கரை, காத்துப் பம்ப். பேர்ப்பலகைக்குப் பித்தளைத் தகடு வெட்டக் கொடுக்கப் போறேன். வேற ஏதாவது விட்டுப்போச்சா?

#20 புகைப்பெட்டி

பெயருக்குத் தகடு வெட்ட வேண்டாம். ஸ்ட்ரவுட்லி வண்டிகளில் பெயர் தொட்டியின் பக்கத்தில் பொன்னெழுத்தில் எழுதப்பட்டது. பித்தளைத் தகடு எண்ணுக்கு மட்டும்தான், அது கரித்தொட்டியின் பக்கத்தில் வரும். பெயருக்கு ஒட்டெழுத்துத் தாள் வாங்குங்கள், 82க்கு இரண்டு தகடு போதும். வண்டியை ஒரே டிரைவர் பொறுப்பில் விடுவது அவர் வழக்கம். அந்த டிரைவரின் பெயரையும் கேபினுக்குள் எழுதுவார்கள். அந்த இடத்தில் மிகச் சிறிய பொன் வரி ஒன்று இருந்தால் போதும், 1:76இல் எழுத்து படிக்க வராது.